முதல் வேலைக்கு எந்த ஊர்? அன்று உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பொருநைக்கரை:

வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்களுக்கு அந்தப் படிவம் மறந்திருக்காது. விருப்பமான மூன்று ஊர்களை வரிசைப்படுத்தி, நள்ளிரவுக்குள் அனுப்பிவிட வேண்டும். விடுதி நண்பர்கள் நால்வரும் பெங்களூரை முதலாவதாகப் போடுவதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். நான் மட்டும் அன்று வீட்டில் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, நெல்லை, கன்னியாகுமரி, அனந்தபுரி, செந்தூர் என்று எழும்பூரிலிருந்து வரும் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "ஏல, சென்னைன்னா ராத்திரி ஏறுனா விடிய வந்துரலாம்லா" என்றார். சரிப்பா என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய் பெங்களூரைத்தான் முதலில் போட்டேன். சென்னையை மூன்றாவதாகக் கூடப் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பணியாணை வந்தபோது, நிறுவனமே பெங்களூருக்குப் போட்டுவிட்டது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்து நான்தான் ஏமாந்து போனேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "விடுல, கம்பெனிக்காரன் நம்ம சொல்லுக்கா ஒக்காந்திருக்கான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்த பிறகும், பொங்கலுக்கு நாகர்கோவில் வண்டியில் இடம் பிடிக்க நான் காலை 8 மணிக்குக் கைபேசியோடு மல்லுக்கட்டும்போதெல்லாம், "ஒன் தப்பா இது" என்று அவர் தொலைபேசியில் சொல்வது வழக்கமாகிவிட்டது.

கருங்குயில்:

உங்களுக்காவது படிவம் உங்கள் கையில் இருந்தது. என் படிவத்தை அப்பாவும் மாமாவும் சேர்ந்து நிரப்பினார்கள். மேற்குத் தாம்பரத்தில் சித்தி வீடு இருப்பதால் சென்னை, சென்னை இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்பது முடிவு. அலுவலகம் சிறுசேரியில் இருந்தது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய்வந்தவர்களுக்கு அந்த மாலை நேரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகை மழையில் ஓர் இரவு வீடு சேரும்போது பத்தேமுக்கால் ஆகிவிட்டது. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தி தட்டால் மூடி வைத்திருந்த சோற்றை எடுத்து வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் படுக்கப் போனார். மறுநாள் காலையில் நான் குளியலறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்: "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லக்கா, நாங்கதான் தூங்காமக் கெடக்குறோம்." அதில் கோபம் இல்லை, அயர்ச்சிதான் இருந்தது. அதனால்தான் அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. அடுத்த மாதமே கூடுவாஞ்சேரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிக்கு மாறிவிட்டேன். தூரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எனக்காக விழித்துக் காத்திருக்க அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லைக்கல்:

பொருநைக்கரை அவர்கள் வண்டியைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார். நான் பெங்களூரில் பொம்மனஹள்ளியில் தங்கி வேலை பார்த்தவன். 2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரித் தீர்ப்பையொட்டி நகரம் பற்றியெரிந்த நாள். நண்பகலிலேயே அலுவலகத்திலிருந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளை நிறுத்தி அடிக்கிறார்கள் என்று கைபேசியில் செய்தி மேல் செய்தியாக வந்துகொண்டிருந்தது. டி.என். 72 என்று எழுதிய என் வண்டி விடுதி வாசலில் நின்றது.

விடுதி நடத்திய அம்மாள் கன்னடக்காரர். வாடகை ஒரு நாள் தாமதமானாலும் கதவைத் தட்டுபவர். அன்று ஒரு பழைய பருத்திச் சேலையை எடுத்து வந்து, முன்னும் பின்னும் எண் பலகைகளைச் சுற்றி இறுக்கக் கட்டி, அதன்மேல் ஈரத் துணிகளைக் காயப் போடுவதுபோல் போட்டுவிட்டு, மேலே வந்து "ஊட்டா ஆய்த்தா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது சாப்பிடத் தோன்றவில்லை. வாசலை எட்டிப் பார்த்தபோது சேலையின் கரையில் இருந்த மாங்காய் வடிவம் சரியாக 72 இருக்குமிடத்தில் வந்திருந்தது. ஒரு நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஒசூருக்குக் குடிவந்துவிட்டேன். நாள்தோறும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைக் கடந்து வேலைக்குப் போய்வருகிறேன். அந்த அம்மாளிடம் சரியாகச் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை.

பத்தாண்டுக் கணக்கன்:

எல்லைக்கல் அவர்கள் ஒரே ஒரு நாளை வைத்து ஓர் ஊரை எடைபோடுவது சரியன்று. அதே நாளில் சேலையைக் கட்டியவரும் அந்த ஊர்க்காரர்தானே. நானும் பெங்களூரில் இருந்தவன்தான், அந்த நாளில் நான் விடுப்பில் ஊரில் இருந்தேன், ஆகவே என் கதை பெரிதாக இல்லை. புதிதாகப் போகிறவர்களுக்குப் பயன்படுமென்று சிலவற்றைச் சொல்கிறேன்.

பணியாணையில் உள்ள ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து அதுதான் கைக்கு வரும் என்று நம்பாதீர்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு உங்கள் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குப் போய்விடும். நிறுவனம் தன் பங்காகக் கட்டுவதையும் பெரும்பாலும் அதே ஆண்டுத் தொகைக்குள்தான் அடக்கிக் காட்டியிருப்பார்கள். இரண்டாவது முன்பணம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் பழக்கம், சென்னையிலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று அது சொல்கிறது. அந்த 'ஒப்புக்கொள்ளாதவரை' என்ற சொல்லில்தான் வீட்டுக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள் என்பதால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாவது, போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் காட்டிப் பயமுறுத்துவது பழைய கதை. ஆர்.வி. சாலையிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. முதல் ஆறு மாதத்துக்கு வீடு எடுக்காமல் விடுதியில் தங்குங்கள், பாத்திரம் பண்டம் எதையும் வாங்காதீர்கள், மேசை மின்விசிறி ஒன்று போதும். கருங்குயில் அவர்கள் முன்கூட்டியே கேட்டிருந்தால் சோழிங்கநல்லூர்ப் பக்கம் பெண்கள் விடுதிகளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

கருங்குயில்:

சோழிங்கநல்லூரில் விடுதிகள் இருப்பது எனக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது தாம்பரம் மட்டும்தான்.

பொருநைக்கரை:

ஐயா, வைப்பு நிதிக் கணக்கு தெரியாமல் நான் பெங்களூரைப் போடவில்லை. நண்பர்கள் போட்டார்கள், நானும் போட்டேன். அந்த நால்வரில் இப்போது பெங்களூரில் இருப்பது நான் ஒருவன்தான்.

சங்ககிரி:

இங்கே எல்லோரும் கணினித் துறையினராக இருக்கிறீர்கள். நான் இயந்திரவியல் படித்தவன். ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒசூரில் பயிற்சியாளராக மாதம் 14,000, புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் 17,500. வகுப்புத் தோழன் ஒருவனுக்கும் ஒசூரில் அதே வேலை. மாடியில் சேர்ந்து அறை எடுக்கலாம் என்று அவன் வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டான். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் இருந்தது, 3,500 ரூபாய் எனக்குப் பெரிய தொகை. சாக்கனுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன்.

கோவையிலிருந்து மும்பைக்குப் போகும் குர்லா வண்டியில் சேலத்தில் ஏறினேன். அது தர்மபுரி, ஒசூர், பெங்களூர் வழியாகத்தான் புனேக்குப் போகிறது என்பது ஏறும்வரை என் மனத்தில் உறைக்கவில்லை. பிற்பகலில் ஒசூர் வந்தது. அவன் இரவுப் பணி முடித்து, தூங்காமல், தொழிற்சாலைச் சீருடையோடே நடைமேடையில் நின்றான். கையில் வாழையிலையில் கட்டிய தயிர்சாதமும் ஒரு புட்டித் தண்ணீரும் இருந்தன. சன்னல் கம்பிக்கிடையில் பொட்டலம் நுழையவில்லை, கதவருகே ஓடி வந்து கொடுத்தான். "பெட்டி எங்கடா? எடுத்துட்டு எறங்கீரு, வீட்டுக்காரன்கிட்ட இன்னும் அட்வான்ஸ் குடுக்கல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். வண்டி நகர்ந்த பிறகும் நான் கதவருகிலேயே நின்றேன். இருக்கைக்குத் திரும்பியபோது எதிரே இருந்த பெரியவர் என் பெட்டியைத் தன் காலடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, "எறங்கிட்டீங்களோன்னு நெனச்சேன் தம்பி" என்றார்.