குழந்தையைப் போனியில் (குட்டை இனக் குதிரை) ஏற்றிப் போட்டிக்கு அனுப்பிய அனுபவம் உண்டா? எப்போது அனுப்பினீர்கள்?

லெஸ்டர் அம்மா

போன ஞாயிறு நடந்தது மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். மகளுக்கு 5 வயது. பக்கத்து ஊர் குதிரை ஷோவில் லீட் ரெயின் கிளாஸ், அதாவது பெரியவர் கயிறு பிடித்து நடத்த, பிள்ளை போனியில் உட்கார்ந்து வரும் போட்டி. நாங்கள் போகும் லாயத்துப் போனி, வெல்ஷ் செக்‌ஷன் ஏ என்கிற சின்ன இனம், வயதானது, பரம சாது. நான்தான் கயிறு பிடித்து நடத்தினேன். ட்வீட் கோட், ரெட்டைப் பின்னல், ரிப்பன் எல்லாம் அமர்க்களமாக இருந்தது.

வரிசையில் நிற்கும்போது நடுவரம்மா ஒவ்வொரு குழந்தையிடமும் பேசிக்கொண்டே வந்தார். இவளிடம் குனிந்து, "உன் போனி பேர் என்ன கண்ணு?" என்கிற மாதிரி அன்பாகத்தான் கேட்டார். வீட்டில் நாள் முழுக்கச் சொல்லும் பெயர் அது. வாயே திறக்கவில்லை. கடிவாள வாரைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடரியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. பெயரை நான் சொன்னேன். அப்புறம் ட்ராட் (துள்ளுநடை) போகச் சொன்னார்கள், போனாள், எல்லாரும் கைதட்டினார்கள். நாலாம் இடம், பச்சை ரோசெட் (பரிசு ரிப்பன்). காரில் ஏறியதும் முதல் கேள்வி: "இனிமே இந்தக் கோட்டைப் போட வேண்டாம்தானே?"

இதே பிள்ளை பயிற்சி நாளில் கயிறில்லாமல் தனியாக ட்ராட் போவாள். கோச் அடுத்த மாத ஷோவுக்கும் பெயர் கொடுக்கச் சொல்கிறார். எனக்கு அந்தக் கைகள்தான் கண்ணிலேயே நிற்கின்றன.

அடிலெய்ட் அப்பா

என் பையனுக்கு அப்போது 7 வயது. போனி கிளப் (சிறுவர் சவாரிச் சங்கம்) நடத்திய ஜிம்கானா என்கிற குதிரை விளையாட்டுப் போட்டி, அதில் பெண்டிங் ரேஸ்: வரிசையாக நட்ட கம்புகளை வளைந்து சுற்றி ஓட்டுவது. ஷெட்லேண்ட் கலப்புப் போனி, புல்லைக் கண்டால் உலகமே மறந்துவிடும். கடைசிக் கம்பைச் சுற்றித் திரும்பும்போது அது சட்டென்று தலையைக் கீழே போட்டது. பையன் கழுத்து வழியாகச் சறுக்கி முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தான்.

நான் வேலியைத் தாண்டி ஓடினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்தான், வாரைப் பிடித்தான், போனியின் தலையைத் தூக்கினான். வார் அதன் காலில் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அப்புறம்தான் ஸ்டூவர்டை (மைதானப் பொறுப்பாளர்) பார்த்து, "நான் இன்னும் ரேஸில் இருக்கேனா?" என்று கேட்டான். இவன் தயாராகிவிட்டான் என்று நான் நம்பியது அந்த நிமிடத்தில்தான்.

அதனால் லெஸ்டர் தங்கச்சிக்கு நான் சொல்வது: ஒரு முறை விழட்டும். விழுந்தபிறகு பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள், வயதைப் பார்க்க வேண்டாம். (அப்புறம் ஒரு விஷயம், அங்கே முதல் பரிசுக்குச் சிவப்பு ரோசெட்டாமே? இங்கே ஆஸ்திரேலியாவில் நீலம்தான் முதல். இங்கிலாந்திலிருந்து வந்த உறவுக்காரக் குழந்தை இங்கே நீலம் வாங்கிவிட்டு, இரண்டாவதா என்று அழுதே விட்டது.)

பெங்களூரு வாசகி

நீங்கள் எல்லாரும் போனி உள்ள ஊரில் இருக்கிறீர்கள். இங்கே ரைடிங் பள்ளிகளில் பாதிக்கு மேல் ரேஸ் கோர்ஸிலிருந்து ஓய்வு பெற்று வந்த குதிரைகளாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் மகள் 10 வயதில் முதல் போட்டிக்குப் போனபோது ஏறியது அப்படி ஒரு பெண் குதிரை. அதன் முதுகு இவள் தலைக்கு மேலே இருக்கும். இதில் "ஒரு முறை விழட்டும்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

60 சென்டிமீட்டர் உயரத் தடுப்புகளைத் தாண்டும் ஜம்ப்பிங் போட்டி. உள்ளே போய் வணக்கம் வைத்தாள், மணி அடித்தது. மணி அடித்தால் 45 விநாடிக்குள் ஆரம்பக் கோட்டைத் தாண்ட வேண்டும், தெரியும் உங்களுக்கு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மைதானத்தில் ஒரு குதிரை தறிகெட்டு ஓடியது. எங்கள் குதிரை காதை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. இவள் சின்ன வட்டம் ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள். குதிரை அடங்கவில்லை. கோச் வேலியிலிருந்து "போ, போ" என்று கத்துகிறார். இவள் கையைத் தூக்கி நடுவருக்குக் காட்டிவிட்டு, நடையிலேயே வெளியே வந்துவிட்டாள்.

கோச் எல்லார் முன்னாலும் "பயந்துட்டா" என்றார். அந்த வார்த்தை இன்றுவரை உறுத்துகிறது. அன்று அந்த மைதானத்தில் குதிரையைச் சரியாகப் படித்தது அவள் ஒருத்திதான். "இன்னிக்கு வேண்டாம்" என்று தானாகச் சொல்லத் தெரிகிற பிள்ளையைத்தான் நான் தயார் என்பேன். 5 வயதுக்கு அது வராது, லெஸ்டர் அம்மா. அந்தப் பொறுப்பு கயிறு பிடித்திருப்பவரிடம் இருக்கிறது.

யார்க்‌ஷயர் தன்னார்வலர்

எங்கள் போனி கிளப் கிளையில் ஞாயிறுதோறும் உதவிக்குப் போகிறவள் நான். ஒரு பையன் விழுந்தபோது ஷூ அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) மாட்டிக்கொண்டது. அக்கா வாங்கிய பெரிய ஷூவை இவனுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். போனி நின்றுவிட்டது, அதனால் தப்பித்தான். அது நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அடிலெய்ட் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், "விழட்டும்" என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். விழுவது நடக்கும், அது வேறு. அதைத் தேர்வாக வைக்கக் கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளை உடனே எழுந்து ஓடுவது நல்ல அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. மூளை அதிர்ச்சி பட்டவர்களும் அப்படி எழுந்து ஓடுவது உண்டு. தலையில் பட்டால் அன்றைக்கு சவாரி முடிந்தது, டாக்டர் பார்த்தபிறகுதான் மறுபடி. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டையும் மாற்றிவிட வேண்டும். வெளியே கீறல் தெரியாது, உள்ளே நொறுங்கியிருக்கும்.

சில சின்ன விஷயங்கள். அங்கவடிக்குள் ஷூவின் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருக்கட்டும். ரப்பர் வளையம் உள்ள பாதுகாப்பு அங்கவடி என்றால் அந்த வளையம் வெளிப்பக்கம் வர வேண்டும். எத்தனையோ பேர் உள்பக்கமாக மாட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். லீட் ரெயினை மூக்குப் பட்டையில் மாட்டுங்கள், வாயிலுள்ள இரும்பில் வேண்டவே வேண்டாம். நீங்கள் பதற்றத்தில் இழுக்கும் இழுப்பு முழுக்க அதன் வாயில்தான் விழும். ஷோ விதியும் அதைத்தான் சொல்கிறது.

வயது என்று பார்த்தால், பிரிட்டனில் போனி ரேஸ் 9 வயதில் தொடங்குகிறது, சர்வதேசப் போனிப் போட்டிகள் 12 வயதில். கயிறு பிடித்து நடக்கும் கிளாஸில் மட்டும் 3, 4 வயதுப் பிள்ளைகளையும் ஏற்றுகிறார்கள், ஏனென்றால் அங்கே போனியை நடத்துவது பெரியவர்.

தொடக்கத்துக்கு அழகு பார்க்கும் கிளாஸை விட விளையாட்டுப் போட்டிகள் மேல் என்பது என் எண்ணம். கொடி எடுத்துப் போடுவது, கம்பைச் சுற்றுவது, சாக்கு ஓட்டம். பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை இருக்கும், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே வராது. 1957ல் பிரின்ஸ் பிலிப் கப் என்கிற போனி கிளப் விளையாட்டுப் போட்டி தொடங்கியதே, விலை உயர்ந்த போனி இல்லாத சாதாரணப் பிள்ளைகளும் போட்டியிட வேண்டும் என்பதற்காகத்தான். இன்றைக்கும் எங்கள் கிளையில் பிரமாதமாக விளையாடும் போனிகளில் ஒன்றுகூட ஷோ ரிங்கில் பரிசு வாங்கும் தோற்றத்தில் இல்லை.

அடிலெய்ட் அப்பா

வேண்டுமென்றே தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, தங்கச்சி. விழாத பிள்ளையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்றுதான் சொன்னேன். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். தலை அடி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஹாரோ அம்மப்பா

நான் பிறந்தது நெடுந்தீவு. அங்கே மட்டக்குதிரைகள் கட்டாக்காலியாகத் திரியும், சின்ன வயதில் அவற்றுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். இங்கே பேத்தியோடு ஷோ பார்க்கப் போவதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். அவளுக்கு 6 வயது. சவாரி பழகுகிறாள், போட்டிக்கு இன்னும் விடவில்லை.

போன கோடையில் ஒரு எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் போனி ஒரே தடுப்பை மூன்று முறை மறுத்துவிட்டது. மணி அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். லொறிகள் நிற்கும் இடத்தில் தகப்பன் சவுக்கை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்தார். "காட்டு, யார் பெரிசென்று காட்டு" என்ற மாதிரிக் கதைத்தார். பிள்ளை சவுக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே நின்றது. அடிக்கவில்லை. நாங்கள் கிட்டத்தான் நின்றோம். என் பேத்தி என் கையை இழுத்து, "அம்மப்பா, அந்தப் போனிக்குப் பின்னங்கால் நோகுதோ?" என்று கேட்டாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். அது ஒரு பின்னங்காலில் பாரம் போடாமல் நின்றது. ஓடிப்போய் ஸ்டூவர்ட் பெண்மணியிடம் சொன்னேன். அவர் வந்து சவுக்கை வாங்கிக்கொண்டார், போனியை நடத்திப் பார்த்தார். நொண்டியது.

அந்தப் பிள்ளை போட்டிக்குத் தயார்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தகப்பன் தயாரில்லை. தாய் தகப்பனை யார் சோதிப்பது என்று இங்கே ஒருவரும் எழுதவில்லையே.

கார்க் அம்மா

அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். லெஸ்டர் தோழி சொன்ன அதே மாதிரி கிளாஸ்தான், என் சின்னவளுக்கு 4 வயது. பாதிச் சுற்றில் "அம்மா, போதும்" என்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை, பசிக்குது என்று சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு முன்னால் 3 போனிகள், பின்னால் 2. நடுவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச தூரம்தான் செல்லம்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வரிசையிலிருந்து விலகி வாசல் பக்கம் நடத்தினேன். வாசல் கயிற்றைத் தூக்கிவிட்ட பெரியவர், "நல்லா இருந்துச்சா?" என்று அவளிடம் கேட்டார். "ஆமா, முடிஞ்சிருச்சு" என்றாள். வெளியே வந்ததும் என் மாமியார், இவ்வளவு தூரம் வந்து இப்படிப் பாதியில் இறக்கிவிட்டாயே என்று அன்று முழுக்கப் பேசவில்லை. அவருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

இப்போது அவளுக்கு 9 வயது. அதற்குப் பிறகு எந்தக் கிளாஸிலும் இறங்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் லாயத்துக்குப் போகிறாள், சேணம் தானே போடுகிறாள், கேன்டர் (மிதமான பாய்ச்சல்) போகிறாள். சின்னப் பிள்ளைகள் ஷோவுக்குப் போகும் நாளில் அவர்கள் போனிகளுக்கு அவள்தான் பின்னல் போட்டுவிடுகிறாள். நீயும் போகிறாயா என்று வருடம் ஒருமுறை கேட்பேன். இந்த வருடமும் வேண்டாம் என்றாள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.