‘அட் ஆர்ம்ஸ் லெங்த்’ என்றால் கைக்கெட்டும் தூரம் இல்லையா?

டெஸ்பாட்ச் அக்கா, கிருஷ்ணகிரி:

இங்கே ஒரு மாங்கூழ் ஆலையில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். சீசன் வந்துவிட்டால் பெங்களூரா காய் லோடு லோடாக இறங்கும். கேட் என்ட்ரி, எடைச்சீட்டு, 3.1 கிலோ டின் கணக்கு எல்லாம் என் தலையில்தான். போதாததற்கு வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு மெயில் எழுதுவதும் நான்தான். ஆபீசில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தது நான் ஒருத்திதானாம்.

போன வாரம் நெதர்லாந்தில் இருந்து புதுப் பார்ட்டி ஒருவர் விசாரித்தார். ஆலை எங்கே இருக்கிறது என்றதற்கு, ஹைவேஸில் இருந்து ‘எ ஸ்டோன்ஸ் த்ரோ’ என்று எழுதினேன். நம்ம ‘கல்லெறி தூரம்’ அப்படியே உட்கார்ந்துகொண்டது. அந்தத் தைரியத்தில், கஸ்டமரைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்ல நினைத்து, கடைசி வரியில் ‘வீ ஆல்வேஸ் கீப் அவர் கஸ்டமர்ஸ் அட் ஆர்ம்ஸ் லெங்த்’ என்று போட்டுவிட்டேன். பதில் ஒரே வரி: ‘ஐ ஹோப் நாட்!’ பக்கத்தில் சிரிக்கிற பொம்மை. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பார்ட்டி வேண்டாங்கறாரா?” என்கிறார்.

ஆர்ம் என்றால் கை, லெங்த் என்றால் நீளம். கை நீளம் எவ்வளவு? பக்கம்தானே? டிக்‌ஷனரி பார்த்துவிட்டேன், அர்த்தம் தெரிகிறது, மண்டையில் ஏறவில்லை. யாராவது வாக்கியத்தோடு சொல்லுங்கள்.

பென்னாகரம் வாத்தியார்:

அம்மா, பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு வரிசையில் நின்றிருப்பாய். பி.டி. சார் விசில் ஊதியதும் எல்லாரும் கையை நேராக நீட்டி, முன்னால் நிற்கிறவள் தோளில் விரல் நுனி படுகிற வரைக்கும் பின்னால் நகர்ந்து, அப்புறம் கையைக் கீழே போடுவீர்கள். எதற்கு? ஒட்டி நிற்கக் கூடாது, பேசக் கூடாது, கிள்ளக் கூடாது. அந்த இடைவெளிதான் ஆர்ம்ஸ் லெங்த். எதையும் எடுப்பதற்காக நீட்டிய கை கிடையாது அது. இதற்கு மேல் கிட்டே வராதே என்று அளந்து நிறுத்துகிற கை.

நீ நினைத்தது ‘வித்தின் ஆர்ம்ஸ் ரீச்’. என் வீட்டுச் சமாச்சாரமே சொல்கிறேன். ‘ஐ கீப் மை கிளாசஸ் வித்தின் ஆர்ம்ஸ் ரீச்’: ராத்திரி எழுந்து தடவினால் மூக்குக்கண்ணாடி அகப்படும். ‘ஐ கீப் த மணிலெண்டர் அட் ஆர்ம்ஸ் லெங்த்’: வட்டிக்காரருக்கு வணக்கம் வைப்பேன், திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டேன். பொருளுக்கும் இது வரும். ‘ஐ ஹோல்ட் த நியூஸ்பேப்பர் அட் ஆர்ம்ஸ் லெங்த்’ என்றால் எனக்கு வெள்ளெழுத்து, பேப்பரைத் தள்ளிப் பிடித்தால்தான் படிக்க வரும்.

நீ தடுமாறியதில் தப்பே இல்லை. தமிழிலேயே ‘எட்டிப் பிடி’ என்றால் தொட்டுவிடலாம், ‘எட்டிப் போ’ என்றால் விலகிவிட வேண்டும். இரண்டும் ஒரே ‘எட்டி’. முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தியும் எனக்கு இது ரிட்டயர் ஆன பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று. அவசரப்பட்டுக் கஸ்டமரை ‘வித்தின் ஆர்ம்ஸ் ரீச்’ வைத்திருப்போம் என்று திருத்தி அனுப்பிவிடாதே. சட்டையைப் பிடிக்கப் போகிற மாதிரி இருக்கும். ‘வீ ஆர் ஜஸ்ட் எ கால் அவே’ என்று எழுது. நம்ம கூப்பிடு தூரம்.

ஓசூர் ஆடிட் ஆபீஸ்:

வாத்தியார் சொன்ன வட்டிக்காரர் உதாரணம் அருமை. எங்களுக்கு இது தினமும் புழங்குகிற வார்த்தை, ஆனால் வேறு வேலைக்கு. வருமான வரிச் சட்டத்தில் ‘ஆர்ம்ஸ் லெங்த் ப்ரைஸ்’ என்று வரும். இங்கே ஒரு கம்பெனி, வெளிநாட்டில் இருக்கிற தன் தாய்க் கம்பெனியிடம் உதிரிபாகம் வாங்குகிறது என்று வையுங்கள். விலையை ஏற்றிப் போட்டுக்கொண்டால் இங்கே லாபம் குறையும், கட்ட வேண்டிய வரியும் குறையும். அதனால் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் வாங்கியிருந்தால் என்ன விலையோ, அந்த விலைக்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டம் 188ஆம் பிரிவிலும் இதே வார்த்தை இருக்கிறது. எங்கள் சீனியர் பாஷையில், மச்சானை ஊரானாக நினைத்து பில் போடு.

வாக்கியம்: ‘த டீல் வாஸ் டன் அட் ஆர்ம்ஸ் லெங்த்.’ இந்த இடத்தில் மட்டும் தள்ளி நிற்பது நல்ல பெயர்.

காவேரிப்பட்டணம் பையன்:

யார் கை நீளம் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே? எங்கள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் பூ விற்கிறார்கள். ஒரே விலை. அம்மா எப்போதும் உயரமான அக்காவிடம்தான் முழம் போட்டு வாங்கும்.

டெஸ்பாட்ச் அக்கா, கிருஷ்ணகிரி:

வாத்தியார் ஐயா, பிரேயர் வரிசை என்றதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்றவளுக்கு இரட்டை ஜடை. அதைப் பிடித்து இழுக்க எட்டாமல் எத்தனை நாள் தவித்திருக்கிறேன்!

ஆடிட் சார், முதலாளியின் தம்பி தோட்டத்துக் காய்க்கு எங்கள் எடைமேடையில் தனி மரியாதை உண்டு. இந்த வார்த்தையை இங்கே யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நேற்று ‘ஜஸ்ட் எ கால் அவே’ போட்டு, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். மனுஷன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார் போல. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டுவிட்டார், அவருக்கு அப்போது சாயந்திரம் நாலரை. நான் டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “ஹலோ சார்” என்றேன், கண்டக்டர் “உள்ள போம்மா, உள்ள போ” என்றார். நெதர்லாந்துக்காரர் எது யார் சொன்னது என்று குழம்பியிருப்பார். சாம்பிளுக்கு இரண்டு டின் கேட்டிருக்கிறார்.