இன்டர்கூலர் பைப்பில் ஆயில் இருந்தாலே டர்போ போச்சா?

நாலாம்கியர்: டீசல் வண்டியில டர்போ காத்தை அமுக்கி இன்ஜினுக்குத் தள்ளும், வழியில இன்டர்கூலர் அதைக் குளிர வைக்கும். இதைப் பத்தி பக்கத்துத் திரியில ஒரு மேதாவி தீர்ப்பு எழுதியிருக்கார்: "இன்டர்கூலர் பைப்ல ஆயில் தெரிஞ்சா டர்போ சீல் காலி, புதுசு வாங்குங்க." பிரீதர் ஹோஸ், அதான் இன்ஜின் உள்ள சேர்ற கேஸை வெளிய விடுற குழாய், எங்க சேருதுன்னு பார்த்ததே இல்ல போல. டர்போவுக்கு முன்னாடிதான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்குற கேஸ், ஆயில் புகையை அள்ளிட்டு அந்த வழியாத்தான் உள்ள போகும். பைப் உள்ள ஈரம் சகஜம்.

கரும்புகை: அந்த மேதாவி நான்தான். ஈரத்தை யார் கேட்டா? கழட்டினா சொட்டுதே, அதுவும் சகஜமா?

நாலாம்கியர்: சொட்டினாலும் முதல்ல பிரீதரைப் பாருங்க. ஹோஸைக் கழட்டி ஒரு பாட்டில்ல விடுங்க, ஏர் பைப் ஓட்டையை அடைங்க, பைப்பைத் துடைச்சுட்டு ஓட்டுங்க. கம்ப்ரஸர்ல (டர்போவோட காத்தை அமுக்குற பக்கம்) காத்து நுழையுற வாய் காய்ஞ்சிருந்து வெளியேறுற பக்கம் மட்டும் நனைஞ்சா டர்போ மேல சந்தேகப்படலாம். அப்பவும் ஆயில் ரிட்டர்ன் பைப் அடைப்பைப் பார்க்காம டர்போவைக் கழட்டாதீங்க. ஆயில் கீழ இறங்கலைன்னா நல்ல சீலும் கசியும். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் கம்ப்ரஸர் ஆயிலை இழுக்கும்.

கரும்புகை: இவ்வளவு எழுதியும் சொட்டுறதுக்குப் பதில் இல்ல. டர்போ ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தா போதும், ஆடினா டர்போ அவுட்.

நாலாம்கியர்: பக்கவாட்டுல லேசா ஆடத்தான் செய்யும், அங்க ஆயில் படலத்துக்கு இடம் வேணும். முன்னும் பின்னும் கையில தெரியிற மாதிரி ஆடினாலோ, டர்போ உள்ள சுத்துற வீல் அதோட கூட்டுல உரசியிருந்தாலோதான் கதை முடிஞ்சது. டைமிங் பெல்ட் திரியிலயும் இப்படித்தான் பாதியைப் படிச்சுட்டு வந்தீங்க.

கரும்புகை: பெல்ட்டை ஏன் இழுக்கறீங்க? அங்க நான் சொன்னது சரி.

ஸ்பேனர்பாய்: சண்டை முடியட்டும்னு காத்திருந்தா விடிஞ்சிரும். இன்டர்கூலரைக் கழட்டி, வாய் கீழ இருக்கிற மாதிரி வெச்சு வடிய விடுங்க. அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊத்தி, ரெண்டு வாயும் மூடி, குலுக்கிக் கொட்டுங்க. தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. அப்புறம் மாட்டிடுங்க.

நாலாம்கியர்: "மாட்டிடுங்க"வாம்! உள்ள தேங்கின மண்ணெண்ணெயை இன்ஜின் எரிபொருளாக் குடிச்சு எகிறும், சாவியை அணைச்சாலும் நிக்காது. காத்தடிச்சு முழுசா உலர்த்துங்க. எகிறிடுச்சுன்னா பிரேக்கை முழுசா மிதிச்சு, மேல் கியர்ல போட்டு கிளட்ச்சை விட்டு அமர்த்தணும். ஆட்டோமேட்டிக்னா காத்தை அடைக்கணும், வெறுங்கையால இல்ல.

ஸ்பேனர்பாய்: உலர்த்தணும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும் சார்.

டிப்ஸ்டிக்: பிரீதர் ஹோஸ்ல ஆயிலைப் பிடிச்சு வைக்கிற டப்பா, கேட்ச் கேன், மாட்டினா இந்தப் பேச்சே தேவையில்ல. ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு விடுற அமைப்பு) கரியும் ஆயிலும் சேர்ந்து, காத்து இன்ஜினுக்குள்ள போற மேனிஃபோல்ட்ல தார் மாதிரி ஒட்டுறது குறையும்.

நாலாம்கியர்: குறையும், நிக்காது. கேனுக்கு ஒல்லி ஹோஸ் போட்டா கிராங்க்கேஸ்ல (இன்ஜினோட அடிக்கூடு) அழுத்தம் ஏறும், ரிட்டர்ன் ஆயில் இறங்காது, டர்போ கசியும்.

கரும்புகை: ஆக டர்போ கசியும்! இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே.

டிப்ஸ்டிக்: ஒல்லி ஹோஸ்னு நான் எப்பங்க சொன்னேன்?