புதுப்பிப்பு: கிளட்ச் வழுக்கல் நின்றது

காருக்கான 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயிலைப் பைக்கில் ஊற்றியபின், மேடேறும்போது எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். கிளட்ச் பிளேட் போச்சு என்றார் மெக்கானிக். போகவில்லை.

என் வண்டியின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடப்பது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கார் ஆயிலில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான் பிளேட்டின் பிடிப்பையும் தளர்த்திவிட்டது. ஜாசோ எம்ஏ2 முத்திரையுள்ள (ஆயிலில் முங்கிய பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பானியத் தரக்குறி) 10டபிள்யூ-30 ஆயிலுக்கு மாற்றினேன். முதல் 200 கிலோமீட்டர் லேசாக வழுக்கியது, அப்புறம் சரி.

"கெட்டி ஆயில் போடு" என்றவர்களுக்கு: இரண்டு ஆயிலிலும் கடைசி எண் 30தான்; சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்வது அந்த எண். 100 டிகிரி செல்சியஸில் இரண்டின் பாகுத்தன்மையும் ஒரே வரம்புக்குள் வரும். வித்தியாசம் சேர்மானத்தில். மிச்சமிருக்கும் கார் ஆயில் மாமாவின் காருக்குப் போகிறது.