புதுப்பிப்பு: என் கதை உலகில் மந்திர ஆற்றலுக்கு வரம்பு கிடைத்துவிட்டது

மந்திரவாதிகள் ‘தணல்’ என்ற ஆற்றலை இஷ்டத்துக்கு இழுக்கிறார்கள், சண்டையில் பரபரப்பே இல்லை, எப்படி வரம்பு வைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் முப்பந்தல் காற்றாலை யோசனையை எழுதிப் பார்த்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதுபோலத் தணலும் பருவத்தில் மட்டும் வரும். நல்ல யோசனைதான், ஆனால் காற்றில்லாத மாதங்களில் கதை படுத்துவிட்டது.

கைகொடுத்தது தக்கலை அண்ணன் சொன்ன பேச்சிப்பாறை அணை வழி. இப்போது தணல் மலையில் ஒரே இடத்தில் தேங்கி, கால்வாய், கிளை, மடை என்று இறங்குகிறது. மேலே ஒருவன் மந்திரம் போட்டால் கீழே அந்த அளவு குறையும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்குத் தண்ணீர் விடுவதுபோல ஆண்டுக்கு இரண்டு திறப்பு. ஊருக்கு ஊர் முறை நாள். முறை தவறினால் கடைமடை ஊரில் விளக்கேற்றும் மந்திரம்கூடப் பலிக்காது.

எதிர்பாராதது, வில்லனே தேவைப்படவில்லை. ராத்திரியில் மடைப்பலகையைத் தூக்கிவிடும் தலைமடை ஊர்க்காரன் போதும். மடைக்காவல் கிழவிக்கு ஒரு வரிதான் வைத்திருந்தேன். இப்போது பாதிக் கதை அவளுடையது.

அப்புறம், இதே வழியில் போகிறவர்களுக்கு: பள்ளத்தைத் தாண்ட, கால்வாய்த் தண்ணீரை மேலே சுமந்துபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி ஒன்று வைத்தால், அது உடைந்தால் தணல் எங்கே கொட்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். படித்தவர்கள் முதலில் கேட்டது அதைத்தான்.