சேப்டி இல்லாத துவக்கை மலிவெண்டு எவன் சொன்னவன்?

கல்லடிச் சார்ஜன்:
எங்கட ஊர் வட்சப் குழுவில கைத்துவக்குகளைப் பத்தி ஒரு குரல் பதிவு சுத்துது. "ரூகர் ஆர்எக்ஸ்எம் வந்தாப் புறகும் குளொக் 19க்குக் காசு குடுக்கிறவன் விசரன். விலை 499 டொலர், அதே 15 ரவை, அதே 4 அங்குலக் குழல், குளொக்கிட மெகசினே போகும்" எண்டு டெக்சஸில இரிக்கிற ஒரு தம்பி முழங்குறார். ஆரெண்டு சொல்லத் தேவையில்ல, அவரும் இஞ்சதான் வந்து போறவர். நான் பொலிசில இருந்து தலை நரைச்சவன். எனக்கு ஒரே கேள்வி. பெருவிரலால தட்டிப் போட்டா வெடிக்காமப் பூட்டுற சேப்டிக் கட்டை அந்த ஆர்எக்ஸ்எம்மில எங்க? ரவை ஏத்தி இடுப்பில வைக்கிற சாமானுக்குச் சேப்டி இல்லாட்டி அது மலிவா, வில்லங்கமா? 300 டொலர் மட்டில டாரஸ் ஜி3சி இரிக்கி. 12 ரவைதான், குழல் 3.2 அங்குலந்தான். ஆனா சேப்டி இரிக்கி.

தேத்தாத்தீவு டெக்சஸ்:
ஐயா, பேரச் சொல்லியே ஏசலாம், நான் கோவிக்க மாட்டன். பதிவில நான் சொன்னதெல்லாத்தையும் விட்டுப்போட்டு, சொல்லாத ஒண்டைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க. ஆர்எக்ஸ்எம் 2024 டிசம்பரில வந்தது, ரூகரும், பிடியும் மெகசினும் செய்யிற மாக்பூல் கொம்பனியும் சேந்து செய்தது. தொடர் இலக்கம் உள்ளுக்குள்ள இரிக்கிற உருக்குச் சட்டகத்திலதான். அதால பிடியைக் கழட்டிப்போட்டு வேற பிடி போடலாம். குறி பாக்கிற சிவப்புப் புள்ளி சைட் பூட்டவும் மேல வெட்டியே வருது. மூண்டாம் தலைமுறைக் குளொக் 19 இட மேல் சிலைட்டும் இதில ஏறும். நீங்க தேடுற சேப்டிக் கட்டை குளொக்கிலயும் இல்ல. 1988 இல இருந்து உலகம் முழுக்கப் பொலிசு அதைக் கட்டிட்டுத் திரியுதே?

கல்லடிச் சார்ஜன்:
உலகம் முழுக்கச் சிகரட்டும்தான் குடிக்குது. சேப்டி எங்க?

அக்கரைப்பற்று நானா:
சார்ஜன் காக்கா, ஒள்ளுப்பம் பொறுங்க. அந்தக் காலத்துப் பொலிசு ரிவோல்வரில சேப்டிக் கட்டை எந்தப் பக்கம் இருந்திச்சி?

கல்லடிச் சார்ஜன்:
நானா, ரிவோல்வர் வேற, பிஸ்டல் வேற. ரிவோல்வரிட விசை இறுக்கம். மனசறிஞ்சு இழுத்தாத்தான் வெடிக்கும்.

அக்கரைப்பற்று நானா:
அப்ப நீங்க கேக்கிறது கட்டையையா, இறுக்கத்தையா?

கல்லடிச் சார்ஜன்:
நான் கேக்கிறது சேப்டியை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாட்டி ஆரையும் கேட்டு வாசியுங்க.

வந்தாறுமூலை வாசகன்:
ஒரு தகவலுக்கு மட்டும். ரஷ்யாக்காரனிட டோக்கரெவ் பிஸ்டல், அதைப் பாத்துச் செய்த சீனத்து 54, ரெண்டிலயும் தனிச் சேப்டிக் கட்டை இல்ல. பின்னால இரிக்கிற அடிக்கொக்கியை அரைவாசியில நிப்பாட்டுறதுதான். ஒரு முழு யுத்தமே அதோட நடந்திரிக்கி. குளொக்கில விசை, ஊசி, விழுந்தா வெடிக்காம இரிக்கிறது எண்டு மூண்டு சேப்டி உள்ளுக்க தானா வேலை செய்யும். கண்ணுக்குத் தெரியல எண்டதால இல்லையெண்டு சொல்ல ஏலாது.

கல்லடிச் சார்ஜன்:
ரி-56 இல இரிக்கி! வலப்பக்கம் நீட்டுத் தகரக் கட்டை. மேல போட்டாப் பூட்டு, நடுவில சரமாரி, கீழ ஒண்டொண்டு. கட்டை தட்டுற சத்தத்தை இஞ்ச ஒரு தலைமுறையே சந்திக்குச் சந்தி கேட்டு வளந்தது. சீனாக்காரனுக்கு விளங்கினது ரூகருக்கு விளங்கல்ல எண்டா நான் என்ன செய்ய?

தேத்தாத்தீவு டெக்சஸ்:
ஐயா அது ரைபிள்!!! இடுப்புக்குள்ள ரி-56 வச்சிட்டுப் போற ஆளை நீங்க கண்டிரிக்கீங்களா? கைத்துவக்கில விசையை மூடுற நல்ல உறைதான் பாதிச் சேப்டி. கெட்டி உறை வாங்கு, விரலை வெளியில வை. சாமத்தில ஒருத்தன் கடைக்குள்ள ஏறி வரக்குள்ள பெருவிரலால கட்டையைத் தேடிட்டு நிக்க ஏலாது.

கூத்துப்பித்தன்:
நம்மட தம்பிக்கு டெக்சஸில கடையில்ல, கடையில வேலை. சும்மா ஞாபகப்படுத்தினன்.

தேத்தாத்தீவு டெக்சஸ்:
நீ ஆரெண்டு எனக்குத் தெரியும் மச்சான். காசு கேட்டு மெசேஜ் போட்டதையும் இஞ்ச போடவா?

நாவிதன்வெளி வயல்காரன்:
யானைக்கு இது சரிவருமா?

தேத்தாத்தீவு டெக்சஸ்:
9 மிமீ ரவையா? யானைக்கா? அண்ணே, நீங்க அதுக்கு ஒண்டும் செய்யாம ஓடுறது நல்லம்.

நாவிதன்வெளி வயல்காரன்:
கொல்லுறதுக்கு ஆர் கேட்டது? சத்தத்துக்குக் கேட்டன். கச்சேரியால, அதான் மாவட்டச் செயலகத்தால, சொட்கன் லைசன் எடுத்து, ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 31 முடிய முதல் புதுப்பிக்க அலையுறன். யானை வெடி குடுத்தா ஒரு கிழமையில முடிஞ்சிரும். நீங்க இஞ்ச பிஸ்டலுக்குக் கட்டை இரிக்கா இல்லையா எண்டு விடிய விடியப் பேசுறீங்க. எனக்கு வேளாண்மை போகுது.

கல்லடிச் சார்ஜன்:
வயல்காரன், உங்கட சொட்கனில சேப்டி இரிக்கா?

நாவிதன்வெளி வயல்காரன்:
இரிக்கி.

கல்லடிச் சார்ஜன்:
முடிஞ்சிது கதை.

அக்கரைப்பற்று நானா:
என்ன முடிஞ்சிது? அந்த மனிசன் யானையைப் பத்திக் கேட்டாரு.

கல்லடிச் சார்ஜன்:
சேப்டியில்லாமப் பேசுற ஆக்களுக்கு இன்னொண்டு சொல்லுறன். 2017 தை மாசம் அமெரிக்க ஆமி புதுப் பிஸ்டல் எடுத்தது. கட்டை வேணும் எண்டு கேட்டு எடுத்தது. வெண்டது சிக் பி320. உங்கட குளொக் தோத்துது. ஆமிக்காரன் மடையனா, டெக்சஸில ராவு வேலை செய்யிற தம்பி மடையனா?

தேத்தாத்தீவு டெக்சஸ்:
வாசிச்சிட்டு வாங்க ஐயா. அந்தப் போட்டிக்குக் குளொக்கும் கட்டை வச்சுத்தான் குடுத்தது. தோத்தது கட்டையால இல்ல, விலையால. குளொக் முறைப்பாடு வச்சாப் புறகு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் கணக்கை வெளியில போட்டிச்சு. சிக் கேட்டது ஏறத்தாழ 169 மில்லியன் டொலர், குளொக் கேட்டது 272 மில்லியன். மலிவானதுதான் வெண்டது. என்ட குரல் பதிவும் அதைத்தான் சொல்லுது!

மறுகா அதே 2017 ஆவணியில என்ன நடந்தது? பி320 நிலத்தில ஒரு மாதிரி விழுந்தா வெடிக்குது எண்டு கொம்பனியே "விரும்பினாத் திருத்தித் தாறம்" எண்டு அறிவிச்சுது.

கல்லடிச் சார்ஜன்:
கட்டை இல்லாத பி320!! நீயே சொல்லிப்போட்டாய். நன்றி.

வந்தாறுமூலை வாசகன்:
இல்ல ஐயா, கட்டை வச்ச ஆமி மாடலை விழுத்திச் சோதிக்கேக்கயும் அதே குறைதான் வந்தது. விசைப் பாகங்களைப் பாரம் குறைச்சுத்தான் சரிக்கட்டினவங்க. விழுந்து வெடிக்கிறதுக்கும் பெருவிரல் கட்டைக்கும் தொடர்பு இல்...

கல்லடிச் சார்ஜன்:
தம்பி, நீ கம்பசில படிக்கிற பிள்ளை. துவக்கைத் தொட்டதில்ல. நிப்பாட்டு.

வந்தாறுமூலை வாசகன்:
நான் பிள்ளையில்ல, விரிவுரையாளர். சரி, பரவாயில்ல.

ஸ்காபரோ மீன்மகள்:
எங்களைக் கேட்டா ரெண்டுமே கனவு. கனடாவில 2022 ஒக்டோபர் 21 இல இருந்து கைத்துவக்கு வாங்கவும் ஏலா, விக்கவும் ஏலா, கைமாத்தவும் ஏலா. எனக்கு அது நிம்மதிதான். டெக்சஸில 2021 செப்டம்பரில இருந்து 21 வயசு தாண்டினவன் லைசனே இல்லாமக் கட்டிட்டுத் திரியலாமாம். அதை நினைச்சா எனக்குக் கட்டை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

தேத்தாத்தீவு டெக்சஸ்:
கனடாக்காரர் எங்களுக்கு நிம்மதி படிப்பிக்க வேணாம் அக்கா. உங்கட வீட்டில கார் களவு போனதுக்கு இஞ்ச வந்து அழுதது நீங்கதானே?

ஸ்காபரோ மீன்மகள்:
கார் களவு போனா இன்சூரன்ஸ் தரும் மனே. உன்ர மூளைக்கு ஆர் தருவான்?

கூத்துப்பித்தன்:
அரங்கேற்றம் தொடங்கிற்று. வடமோடிக் கூத்தா தென்மோடிக் கூத்தா?

கல்லடிச் சார்ஜன்:
விசயத்துக்கு வாங்க. இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல்ல. நியூயோர்க் பொலிசுக்குக் குளொக் குடுக்கக்குள்ள விசையை 12 றாத்தல் இறுக்கமாக்கிக் குடுத்தாங்க. சாதாரணக் குளொக்கிட விசை 5.5 றாத்தல் மட்டில. ஏன் இறுக்கினாங்க? கட்டை இல்லாத சாமானால பொலிசுக்காரனே தவறிச் சுட்டுருவான் எண்ட பயம். இதைத்தான் நான் முதல் வரியில இருந்து சொல்லுறன்.

அக்கரைப்பற்று நானா:
முதல் வரியில நீங்க குரல் பதிவைப் பத்தித்தான் சொன்னீங்க. நான் மேல போய்ப் பாத்துட்டன்.

தேத்தாத்தீவு டெக்சஸ்:
12 றாத்தல் விசையை இழுக்கக்குள்ள குறி தவறும் எண்டு எவ்வளவு பேர் ஏசினாங்க எண்டும் சொல்லுங்களன். அரைவாசியை மட்டும் சொல்லுறது உங்கட பழைய பழக்கம்.

சரி, உங்கட செல்லப்பிள்ளை டாரஸுக்கு வருவம். 2015 இல அமெரிக்காவில ஒரு வழக்குச் சமரசத்துக்கு வந்தது. ஒன்பது மாடல், ஏறத்தாழ 10 லட்சம் துவக்கு. விழுந்தா வெடிக்குது எண்டது ஒரு குற்றச்சாட்டு. மத்தது என்ன தெரியுமா? சேப்டிக் கட்டை போட்டிருந்தும் விசையை இழுத்தாச் சுடுது எண்டது. கட்டை போட்டிருந்தும், ஐயா! கொம்பனி பிழையை ஒத்துக்கொள்ளல்ல, ஆனாத் துவக்குகளைத் திருப்பி எடுக்கச் சம்மதிச்சுது.

கல்லடிச் சார்ஜன்:
அது பழைய மாடல். ஜி3சி 2020 இல வந்தது, அந்தப் பட்டியலில இல்ல. பழசைக் கிண்டிப் புதுசை ஏசுறது உங்கட குடும்பத்துக்கே வழக்கம். உன்ர பெரியப்பன் கோயில் கூட்டத்தில செய்ததும் இதைத்தான்.

தேத்தாத்தீவு டெக்சஸ்:
பெரியப்பாவை இஞ்ச இழுக்க வேணாம்.

கல்லடிச் சார்ஜன்:
திருவிழாவுக்கு லைட் போட வெளிநாட்டில சேத்த காசுக்குக் கணக்கு எங்க?

ஆரையம்பதி அக்கா:
முழுக்க வாசிச்சன், தலையிடி வந்திட்டு. இலங்கையில 1916ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இரிக்கி, லைசன் இல்லாமத் துவக்கு வச்சா மறியல். 1996 இல தண்டனையை இன்னும் கூட்டினவங்க. தற்பாதுகாப்புக்கு எண்டு குடுத்த துவக்குகளையே 2024 கார்த்திகையில பாதுகாப்பு அமைச்சு திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. இஞ்ச கத்துறவங்களில ஒருத்தருக்கும் இந்த ரூகரும் கிடைக்காது, டாரஸும் கிடைக்காது. இதுக்குத்தானா பெரியப்பன் வரைக்கும் போறீங்க? துவக்குச் சத்தம் போதும் எண்டு பட்ட ஊர் இது.

கல்லடிச் சார்ஜன்:
அக்கா, அறிவைப் பகிர்றது குற்றமில்ல. பிழையான தகவலைக் கேட்டு நாளைக்கு நம்மட பொடியன் ஒருத்தன் டெக்சஸில தொடையில சுட்டுக்கிட்டா நீங்களா பாக்கிற?

ஆரையம்பதி அக்கா:
டெக்சஸில தொடையில சுட்டுக்கிறவனை நான் ஏன் பாக்கணும்?

மட்டுறுத்துனர்:
கோயில் கணக்கு, பெரியப்பா, கார் களவு, கடன் பத்தின பதிவுகள் அழிக்கப்படும். சொட்கன் லைசன் பத்திக் கேக்கிறவர் தனியா ஒரு இழை திறக்கவும்.

நாவிதன்வெளி வயல்காரன்:
போன மாசம் திறந்தன். அதிலயும் சார்ஜன் ஐயாதான் வந்து சேப்டியைப் பத்திப் பேசினவர்.

கல்லடிச் சார்ஜன்:
கணக்குக் கேட்டா அழிப்பீங்க, நல்லம். 12 றாத்தலுக்கு இன்னும் பதில் வரல்ல எண்டதை எல்லாரும் குறிச்சு வையுங்க.

தேத்தாத்தீவு டெக்சஸ்:
பதில் சொல்லிட்டன். உங்களுக்கு வாசிக்க விருப்பமில்ல. இஞ்ச கடைக்காரன் 499க்கும் குறைச்சுத் தாறான், நான் வாங்குறன், படமும் போடுறன். ஐயா, வேணுமெண்டா எனக்குக் கோல் எடுங்க, ஆறுதலாப் பேசுவம்.

கல்லடிச் சார்ஜன்:
நான் ஏன் எடுக்கணும்? எல்லாருக்கும் முன்னால சொன்னதை எல்லாருக்கும் முன்னால பேசு. படம் போடக்குள்ள ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரிப் போடு, கட்டை எங்க எண்டு நாங்களும் பாப்பம்.

கூத்துப்பித்தன்:
மச்சான், படத்தில பெரியப்பாவும் விழாமப் பாத்துக்க.