கதையின் திருப்பத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி (கோத்தகிரி):
சோலையை ஒட்டிய புல்வெளியில் பற்றிய தீயை விசாரிக்கும் வனக்காவலராக நாமே இயங்கும் கதை விளையாட்டொன்றை எழுதி வருகிறேன். தீ வைத்தவரே அவர்தான் என்று இறுதியில் தெரியவந்தால், விளையாடுபவரும் அதற்குப் பொறுப்பாவாரா?

பதில் (குன்னூர்):
2010இல் வெளிவந்த ‘ஹெவி ரெயின்’ விளையாட்டில் நாம் இயக்கும் தனியார் துப்பறிவாளரே கொலையாளி. அவருடைய மனக்குரலைக் கேட்கவிட்டு, ஒரு கொலை நடக்கும் கணத்தை மட்டும் நம்மிடமிருந்து மறைத்தது எனக்கு உடன்பாடில்லை. தேர்ந்தெடுக்காத செயலுக்கு விளையாடுபவர் எப்படிப் பொறுப்பாவார்?

பதில் (உதகை):
தடயத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முதல் காட்சியிலேயே காவலரின் கம்பளிச் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை வீசட்டும். அதைத் துவைப்பதா, அப்படியே விடுவதா என்பதை விளையாடுபவர் தீர்மானிக்கட்டும். துவைத்தவருக்குத் தடயத்தை அழித்ததில் பங்கு உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி, சேர்த்துக்கொள்கிறேன். துவைக்காதவருக்கு வேறொரு முடிவையும் எழுத வேண்டியிருக்கும்.